ஜார்ஜ் டவுன் கட்டடங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது எப்படி: ஒரு காலை நடைக்கான முழுமையான வழிகாட்டி

கட்டடங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க ஆசைப்பட்டு வருகிறவர்களோடு சென்னை ஜார்ஜ் டவுனில், பாரிமுனைப் பக்கம் அடிக்கடி நடப்பேன். அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் இடறுகிறார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், நிறத்தை நீக்கிப் பார்க்கிறார்கள். செங்கல் சுவரும் அதற்கு முன்னால் நிற்கும் மரமும் ஒரே சாம்பலாகக் கிடக்கின்றன. உடனே வெளிருக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டும் ‘கான்ட்ராஸ்ட்’ பொத்தானைத் திருகுகிறார்கள். வானம் அழுக்காகிறது, சுவர் கரிபிடிக்கிறது, படம் தேறுவதில்லை.

கோளாறு கணினியில் இல்லை. எந்தச் சுவரில் எந்த நேரத்தில் வெயில் எப்படி விழும் என்று பார்க்காமல் கிளம்பியதுதான் கோளாறு. ஆகவே இங்கே சொல்லும் படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். நடை உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் தொடங்கி, என்.எஸ்.சி. போஸ் சாலை, பாரிமுனை, ராஜாஜி சாலை, தம்புச் செட்டித் தெரு, ஆர்மேனியன் தெரு வழியாக மண்ணடியில் முடிகிறது. வேறு ஊர்க்காரர்கள் தெருப் பெயர்களை மாற்றிக்கொள்ளலாம். காரணங்கள் மாறாது.

1. ஒரு முறை வெறுங்கையோடு நடந்துவிடுங்கள்

படம் எடுக்கும் நாளுக்கு முன்பு, கேமரா இல்லாமல் ஒரு நடை. கைபேசியில் திசைகாட்டி இருந்தால் போதும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் முன்னால் நின்று, அதன் முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜ் டவுனில் இது எளிது. ராஜாஜி சாலை, லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, ஆர்மேனியன் தெரு எல்லாம் ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுகின்றன. என்.எஸ்.சி. போஸ் சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆகவே முன்னவற்றில் வீடுகள் கிழக்கையோ மேற்கையோ பார்க்கும். பின்னதில் வடக்கையோ தெற்கையோ பார்க்கும். இந்த ஒரு வித்தியாசம்தான் காலை முழுவதும் நீங்கள் எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

கேமராவை ஏன் வீட்டில் வைக்கச் சொல்கிறேன்? அது கையில் இருந்தால் விரல் சும்மா இருக்காது. பத்து நிமிடத்தில் திசையை மறந்து, பூட்டிய கதவையும் படுத்திருக்கும் பூனையையும் எடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

இதே நடையில் இன்னொரு வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள். ஆர்மேனியன் தேவாலயம் போன்ற இடங்களில் வாசலில் இருப்பவரிடம், எந்தக் கிழமை எத்தனை மணிக்குத் திறப்பார்கள், படம் எடுக்கலாமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் நாளில் பூட்டிய வாசலில் நின்று நேரத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

2. நாளையும் மாதத்தையும் தேர்ந்தெடுங்கள்

கிழமை: ஞாயிறு. வேறு யோசனை வேண்டாம். வார நாளில் இந்தத் தெருக்களில் மீன்பாடி வண்டி, மினி லாரி, தலைச்சுமைக்காரர்கள் எல்லோரையும் மீறிக் கட்டடத்தின் கீழ்த்தளம் தெரியாது. ஞாயிறு காலையில் பெரும்பாலான கடைகளின் ஷட்டர் இறங்கியிருக்கும். முகப்பு முழுதாகத் தெரியும்.

மாதத்தைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. சென்னை 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளி உதிக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் தலைக்கு நேர் மேலே நிற்கிறது.

இதனால் என்ன ஆகும் என்றால், என்.எஸ்.சி. போஸ் சாலையில் தெற்குப் பார்த்த முகப்புகளுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை காலை வெயில் சாய்ந்து விழும். வடக்குப் பார்த்த முகப்புகளுக்கு, அதாவது சாலையிலிருந்து தெரியும் உயர் நீதிமன்றத்தின் பக்கத்துக்கு, மே முதல் ஜூலை வரைதான் அந்தப் பாக்கியம். டிசம்பரில் போய் நீதிமன்றச் செங்கல்லின் சொரசொரப்பை எடுக்க முயல்வது வீண்வேலை; அந்த மாதத்தில் அது நிழலுருவம் மட்டுமே.

வானத்துக்கு எனக்குப் பிடித்தது வடகிழக்குப் பருவமழைக்கு நடுவே வரும் தெளிந்த நாட்கள். மழை புழுதியைக் கழுவியிருக்கும். நீலம் நீலமாக இருக்கும். மற்ற மாதங்களில் சென்னை வானம் பெரும்பாலும் வெளிறிய வெள்ளைதான். அதன் விளைவை 6ஆம் பகுதியில் சொல்கிறேன்.

3. எங்கே கேமராவைத் தூக்கக்கூடாது

இந்த வட்டாரத்தில் துறைமுகம், ரிசர்வ் வங்கி, தலைமைச் செயலகம் இருக்கும் கோட்டை, உயர் நீதிமன்றம் என்று பாதுகாப்பு மிகுந்த இடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. துறைமுக வாயில்களையும் ரிசர்வ் வங்கியையும் கோட்டைப் பக்கத்தையும் அடியோடு விட்டுவிடுங்கள். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் கேமராவோடு நுழைய முயலாதீர்கள். எதிர்ச்சாரி நடைபாதையிலிருந்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோயிலுக்குள்ளும் ரயில் நிலையத்துக்குள்ளும் அனுமதியில்லாமல் எடுக்கக்கூடாது.

காவலர் ஒருவர் வந்து ‘வேண்டாம்’ என்றால், ‘சரிங்க ஐயா’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். சட்டம் பேசி ஜெயித்தாலும் அதற்குள் வெளிச்சம் போய்விடும்.

முக்காலியைக் கொண்டுவராததற்கும் இதுவே காரணம். கையில் கேமரா வைத்திருப்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை. முக்காலியை விரித்தால் நாலு பேர் வந்து விசாரிக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் அது தேவையும் இல்லை.

4. பையில் வைக்க வேண்டியவை

ஒரு கேமரா, ஒரு லென்ஸ். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. பார்வை. ஜூம் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் 35இல் வைத்து, வேண்டுமானால் அதை மேலே கூட்டுங்கள், கீழே குறைக்காதீர்கள். தெரு குறுகலாக இருக்கிறதே என்று 18, 20 மி.மீ.க்குப் போகிறவர்கள் படத்தில் பாதி தார்ச்சாலையும் கால்வாசி வானமும்தான் இருக்கும். கட்டடம் நடுவில் எங்கோ சுருங்கி நிற்கும்.

கூடவே ஒரு மாற்று பேட்டரி, லென்ஸ் துடைக்கும் துணி, தண்ணீர், தொப்பி. துணி அவசியம். கடற்காற்றில் வரும் உப்பு லென்ஸில் மெல்லிய படலமாகப் படிந்து, வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்.

ஏ.சி. அறையில் தூங்கிய கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் உள்ளும் புறமும் பனிக்கும். முந்தின இரவே பையை ஏ.சி. இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால், வெளியே வந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் பொறுங்கள். அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றித் துடைக்கக்கூடாது. ஈரம் உள்ளே போய்விடும்.

கைபேசியில் எடுப்பவர்கள் தயங்க வேண்டாம். மூன்று விதிகள் மட்டும்: அகலக்கோண லென்ஸைத் தொடாமல் பிரதான லென்ஸை அல்லது 2 மடங்கு பார்வையைப் பயன்படுத்துங்கள். திரையில் கட்டக் கோடுகளை இயக்கிவையுங்கள். எச்.டி.ஆர். வசதியை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். அது நிழலுக்குள் வெளிச்சத்தை இட்டு நிரப்புகிறது. நமக்கோ நிழல் நிழலாகவே வேண்டும்.

5. அமைப்புகளை வீட்டிலேயே முடியுங்கள்

தெருவில் நின்று மெனுவைத் தேடாதீர்கள். கிளம்புவதற்கு முன் இவற்றைச் செய்துவிடுங்கள்.

கோப்பு வகையை ரா (கேமரா பதிந்த தகவல் அப்படியே இருக்கும் கோப்பு), ஜேபெக் (கேமராவே முடித்துத் தரும் படம்) இரண்டும் சேர்ந்ததாக வையுங்கள். பட பாணியை ‘மோனோகுரோம்’ ஆக்குங்கள். இப்போது பின்திரையில் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். ரா கோப்பிலோ நிறங்கள் அப்படியே பத்திரமாக இருக்கும். திரையைப் பார்க்கும்போதே நிறம் கண்ணை ஏமாற்றாது என்பது ஒரு லாபம். பிற்பாடு எந்த நிறத்தை எந்தச் சாம்பலாக்குவது என்று முடிவுசெய்ய நிறத் தகவல் கையில் இருக்கும் என்பது அதைவிடப் பெரிய லாபம். ஜேபெக் மட்டும் மோனோகுரோமில் எடுத்தால் அந்த இரண்டாவது லாபம் போய்விடும். இதுதான் புதியவர்கள் செய்யும் பிழைகளில் திருத்தவே முடியாத ஒன்று.

லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப்/8இல் நிறுத்தித் துளை முன்னுரிமை முறையில் வையுங்கள். சுவர் முழுவதும் தெளிவாக இருக்க அது போதும். எஃப்/16, எஃப்/22 என்று மேலும் சுருக்கினால் ஒளி சிதறி, கூர்மை குறையும். ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறன்) தானியங்கி, உச்சம் 1600. ஷட்டர் வேகம் 1/125க்குக் கீழே இறங்காதபடி வரம்பு வையுங்கள். கை நடுக்கத்தால் செங்கல் கோடுகள் மங்குவதை இது தடுக்கும்.

வெளுத்துப்போன பகுதிகளைச் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையையும் கட்டக் கோடுகளையும் இயக்குங்கள். இனி தெருவில் நீங்கள் தொட வேண்டியது, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் சக்கரத்தையும், அடுத்த பகுதியில் வரும் வண்ண வடிகட்டியையும் மட்டுமே.

6. நிறத்தைச் சாம்பலாகப் பார்க்கப் பழகுங்கள்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். மொத்த வழிகாட்டியிலும் கடினமானது இதுதான்.

நடு வெயிலில் நிற்கும் செங்கல் சுவர் ஒன்றையும், அதன்மேல் கிளை பரப்பிய வேப்பமரத்தையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் எதிரெதிராக நிற்கின்றன. ஆனால் இரண்டின் பிரகாசமும் கிட்டத்தட்ட ஒன்றே. நிறத்தை உருவினால் மிஞ்சுவது பிரகாசம் மட்டுமே என்பதால் சுவருக்குள் மரம் கரைந்துவிடுகிறது. நீதிமன்றமும் தலைமை அஞ்சலகமும் சிவப்பு, எங்கும் மரங்கள். ஆகவே ஜார்ஜ் டவுனில் இந்தப் பிரச்சினை அடிக்கு ஓர் இடத்தில் வரும்.

தீர்வு வண்ண வடிகட்டி. ஃபிலிம் காலத்தில் லென்ஸின் முன்னால் கண்ணாடியாகத் திருகினார்கள். இப்போது கேமராவின் மோனோகுரோம் மெனுவிலேயே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை என்று இருக்கிறது. விதி எளிது: வடிகட்டி தன் நிறத்தை வெளுக்கச் செய்யும், எதிர் நிறத்தைக் கறுக்கச் செய்யும். சிவப்பை வைத்தால் செங்கல் ஒளிரும், இலை இருளும், நீல வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகும். பச்சையை வைத்தால் செங்கல் இருண்டு, இலை வெளுக்கும். செங்கல்லின் நடுவே ஓடும் வெளிர்நிறக் கல் பட்டைகள் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

எதை எப்போது? கட்டடத்தின் வடிவமே படம் என்றால், அதாவது குவிமாடமும் வானமும் என்றால், சிவப்பு அல்லது ஆரஞ்சு. சுவரில் இருக்கும் அலங்கார வேலைதான் படம் என்றால் பச்சை. ஒரே கட்டடத்தை இரண்டிலும் எடுத்து, பின்திரையில் மாற்றி மாற்றிப் பாருங்கள். இந்த ஒரு பயிற்சி, பத்துப் பாடங்களுக்குச் சமம்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு வடிகட்டி நீலத்தைத்தான் கறுக்கச் செய்யும். வெளிறிய வெள்ளை வானத்தில் அது எதுவும் செய்யாது. வானம் வெளிறியிருக்கும் நாளில் வானத்தை ஃபிரேமிலிருந்து வெளியே தள்ளுங்கள். சுவர், தூண், படிக்கட்டு, சன்னல் என்று நெருங்கிப் போங்கள். கணினியில் வானத்தைப் பிறகு கறுப்பாக்கிக்கொள்ளலாம் என்று எடுத்த படங்கள் எவையும் நன்றாக வந்து நான் பார்த்ததில்லை.

7. நடையின் வரிசை

சூரியன் உதித்ததும் ராஜாஜி சாலைக்கு ஓடுவதுதான் புதியவர்களின் வழக்கம். கிழக்குப் பார்த்த கட்டடங்கள், கிழக்கே கடல், பொன்னிற வெயில். வண்ணப் படத்துக்கு அது சரி. கறுப்பு வெள்ளைக்குச் சரியில்லை. உதயநேர வெயில் கிழக்குச் சுவரில் நேராக மோதுகிறது, நிழலே விழுவதில்லை, பொன்னிறம் வேறு படத்தில் இருக்கப்போவதில்லை. மிஞ்சுவது தட்டையான சுவர்.

கணக்கு இதுதான். சூரியனைப் பார்த்து நிற்கும் சுவரில் ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கும்போது அதன் நிழல் சுமார் 2 அங்குலம். 30 பாகையில் 7 அங்குலம். 45 பாகையில் ஓர் அடி. அந்த நிழல்தான் கட்டடத்துக்கு ஆழம் தருகிறது. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் உயரம் ஏறத்தாழ 10 பாகை. அடிவானத்திலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணிச் சூரியனின் உயரத்தை அளந்துகொள்ளலாம். எண்ணும்போது சூரியனை நேராக உற்றுப் பார்க்கவேண்டாம்.

மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் மணிக்கு 15 பாகைக்குச் சற்றுக் குறைவாக ஏறும். டிசம்பரில் இன்னும் மெதுவாக. காலை 9 மணிக்கு 32 பாகை உயரத்தில்தான் இருக்கும்.

முதல் நிறுத்தம், உதயத்திலிருந்து ஒரு மணி நேரம்: என்.எஸ்.சி. போஸ் சாலையும் பாரிமுனையும். கிழக்கு மேற்கான சாலை என்பதால் தாழ்ந்த வெயில் இங்கே சுவரை உரசிக்கொண்டு போகிறது. உரசும் வெயிலில்தான் பூச்சின் விரிசலும் கல்லின் மேடு பள்ளமும் எழுந்து நிற்கும். குளிர் மாதங்களில் சாலையின் வடக்குச் சாரியைப் பாருங்கள். மூலையில் 1940இல் எழுந்த டேர் ஹவுஸ் இருக்கிறது. கிழக்கும் தெற்குமாக இரண்டு முகம். ஒன்றில் முழு வெயில், மற்றதில் உரசும் வெயில். இரண்டு முகங்களும் சந்திக்கும் மூலையை ஃபிரேமின் நடுவிலிருந்து சற்றே தள்ளி வையுங்கள். ஒரு பக்கம் வெளிர், ஒரு பக்கம் நடுச்சாம்பல் என்று கட்டடம் தானாகவே திரண்டு நிற்கும். ஆர்ட் டெகோ பாணியில் அலங்காரம் குறைவு, கோடுகள் அதிகம். அதனால் இங்கே நெருங்கிப் போக வேண்டியதில்லை; சாலையைக் கடந்து தள்ளி நில்லுங்கள்.

மே முதல் ஜூலை வரை என்றால் திரும்பி நின்று உயர் நீதிமன்றத்தை எடுங்கள். அதன் உயரமான குவிமாடக் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் இருந்தது. கடலில் தொலைவிலிருந்து தெரியவேண்டிய உயரம் அது. மதிலுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்துவிடும். சாலையில் மேற்கே நடந்து, மரங்களுக்கு மேல் கோபுரம் தனியாகத் தெரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். 50 மி.மீ. அல்லது அதற்கு மேல். டிசம்பர், ஜனவரியில் இதே கோபுரத்தை வெயிலுக்கு எதிராக, எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), நிழலுருவமாக எடுங்கள். குவிமாடங்கள் ஒன்றையொன்று மறைக்காதபடி நாலடி இப்படியும் அப்படியும் நகர்ந்து பாருங்கள். நிழலுருவத்தில் இரண்டு குவிமாடம் ஒட்டிக்கொண்டால் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும்.

இரண்டாம் நிறுத்தம், 8 மணியை ஒட்டி: ராஜாஜி சாலை. இப்போது கிழக்குச் சுவர்களில் நிழல் இறங்கத் தொடங்கியிருக்கும். பாரிமுனையிலிருந்து வடக்கே நடந்தால் இடது கைப்பக்கம் ஸ்டேட் பாங்க் கட்டடமும், ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1884இல் திறந்த தலைமை அஞ்சலகமும் வரும். இரண்டும் செங்கல் சிவப்பு. வளைவுகளும் நீட்டல்களும் நிறைந்தவை. முழுக் கட்டடத்தை ஒரே படத்தில் அடக்கும் ஆசையை ஒதுக்கிவிட்டு, வளைவின் அடியில் நிழல் எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு சன்னல், அதன் மேல் விளிம்பு, விளிம்பின் நிழல். இந்த மூன்று போதும் ஒரு படத்துக்கு. எந்த நிமிடம் எடுப்பது என்று தெரியாவிட்டால், நிழலின் நீளம் சன்னல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆகும்வரை பொறுங்கள். இது என் சொந்த அளவு. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

வங்கிக் கட்டடம் என்பதால் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எதிர்ச்சாரியிலிருந்து எடுப்பது நல்லது.

மூன்றாம் நிறுத்தம், 9 மணிக்கு மேல்: மேற்கே திரும்பித் தம்புச் செட்டித் தெருவும் அதன் அக்கம்பக்கமும். ஒடுங்கிய தெரு, எதிர்வரிசை வீடு வெயிலை மறைக்கும். மேற்கு வரிசை வீடுகளில் முதலில் மொட்டைமாடிச் சுவருக்கு வெயில் வரும், பிறகு மாடி, கடைசியில் வாசல். நிழலின் எல்லைக்கோடு சுவரில் கீழே இறங்குவதை நின்று பார்க்கலாம். அந்தக் கோடு மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே இருக்கும்போது எடுங்கள். மேலே இருக்கும் இரும்புக் கிராதியும் மரத் தூணும் வெயிலில் இருக்க, கடைப் பலகைகளும் வண்டிகளும் இருட்டில் அமுங்கிப்போகும். நமக்கு வேண்டாதவற்றைச் சூரியனே மறைத்துக்கொடுக்கும் நேரம் அது. எக்ஸ்போஷரை மேல் பகுதிக்கு வையுங்கள். கீழே கறுத்தால் கறுக்கட்டும்.

நான்காவது, ஆர்மேனியன் தெரு. தமிழில் இதை அரண்மனைக்காரன் தெரு என்றும் சொல்வார்கள். 1772இல் கட்டிய ஆர்மேனியன் தேவாலயத்தின் வெள்ளைச் சுவர்களும் தனியாக நிற்கும் மணிக்கூண்டும் இந்த நடையின் கடைசிப் பாடம். சிவப்பில் பழகிய கைக்கு இங்கே சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பவேண்டும். கேமராவின் அளவுமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். ஃபிரேம் முழுக்க வெள்ளைச் சுவர் இருந்தால் அதை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். எச்சரிக்கை சிமிட்டத் தொடங்கும் இடத்தில் ஒரு படி குறைத்து நிறுத்துங்கள். காலையில் எப்போதோ குறைத்து வைத்த சக்கரத்தை மறந்து அப்படியே எடுத்துக்கொண்டிருப்பவர்களை ஒவ்வொரு நடையிலும் பார்க்கிறேன். கட்டடம் மாறும்போதெல்லாம் சக்கரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

10.30க்கு மேல் நிறுத்திவிடுங்கள். வெயில் செங்குத்தாகிவிடும், உங்களுக்கும் தலை சுற்றும்.

8. செங்குத்துக் கோடு சாயாமல் எடுங்கள்

கேமராவை மேலே சாய்த்தால் கட்டடத்தின் பக்கச் சுவர்கள் மேலே போகப்போக நெருங்கும். கறுப்பு வெள்ளையில் கோடுகள்தான் பிரதானம் என்பதால் இந்தச் சாய்வு இரண்டு மடங்காக உறுத்தும்.

லென்ஸ் மேலேயோ கீழேயோ சாயாமல், கேமராவைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். உச்சி வெட்டுப்பட்டால் பின்னால் போங்கள். பின்னால் சுவர் இருந்தால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்புங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் சாயுங்கள். அப்போது இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுங்கள். கணினியில் நேராக்கும்போது ஓரங்கள் வெட்டுப்படும். ஃபிரேமை இறுக்கி எடுத்தவர்களுக்குக் கடைசியில் கட்டடத்தின் தோளே போய்விடும்.

முழுதாக அண்ணாந்து எடுப்பதானால் பாதி மனதோடு செய்யாதீர்கள். கொஞ்சம் சாய்ந்தது பிழையாகத் தெரியும். நன்றாகச் சாய்ந்தது வேண்டுமென்றே எடுத்த முடிவாகத் தெரியும்.

9. கம்பிகள், பலகைகள், வண்டிகள்

தலைக்கு மேல் ஓடும் கேபிள்களை ஒன்றும் செய்ய முடியாது. வெளிறிய வானத்தின்மேல் அவை கறுப்புக் கீறல்களாகத் தெரியும். இருண்ட சுவரின்மேல் கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஆகவே ஒரு எட்டு முன்னே போய், கம்பியின் பின்னணி வானமா சுவரா என்று பாருங்கள். அநேகமாக அதிலேயே பாதிப் பிரச்சினை தீரும். மென்பொருளில் கம்பிகளை ஒவ்வொன்றாக அழிப்பவர்களின் பொறுமையைப் பாராட்டுகிறேன். ஆனால் அழித்த இடத்தில் செங்கல் வரிசை பிசகும், கண்டுபிடித்துவிடலாம்.

பெயர்ப் பலகையில் எழுத்து இருந்தால் கண் அங்கேதான் முதலில் போகும். படத்துக்கு அது வேண்டுமா என்று தீர்மானியுங்கள். வேண்டாமென்றால் நிழல் எல்லைக்குக் கீழே தள்ளுங்கள்.

10. ஆட்கள்

ஒரு ஆள் போதும். கதவு எவ்வளவு உயரம், தூண் எவ்வளவு பருமன் என்று சொல்ல ஒரு உருவம் உதவும். இருவர் வந்துவிட்டால் படம் அவர்களைப் பற்றியதாகிவிடும். வெயில் பட்ட இடத்தைச் சட்டகத்துக்குள் வைத்துக்கொண்டு யாராவது கடக்கும்வரை காத்திருங்கள். முகம் தெளிவாகத் தெரியும் தூரத்தில் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். நடைபாதையில் உறங்குபவர்களை எடுக்கவேண்டாம்.

11. கணினியில் வேலை வரிசை

இங்கேயும் வரிசை பிசகினால் செய்ததையே திரும்பச் செய்ய நேரும். லைட்ரூம், டார்க்டேபிள், கைபேசியில் ஸ்னாப்சீட் என்று எது வைத்திருந்தாலும் முறை ஒன்றே.

முதலில் லென்ஸ் வளைவைச் சரிசெய்து, செங்குத்துக் கோடுகளை நேராக்கி, பிறகு வெட்டுங்கள். வெட்டிய பிறகு நேராக்கினால் மறுபடி வெட்ட வேண்டிவரும்.

அடுத்து, வண்ணத்தில் இருக்கும்போதே எக்ஸ்போஷரைச் சரிசெய்யுங்கள். மிக வெளிர்ந்த இடத்தில் பூச்சின் தடம் தெரியவேண்டும். மிக இருண்ட இடம் ஒன்று முழுக் கறுப்பாக இருக்கலாம்.

அதற்குப் பிறகே கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, நிறவாரியான சாம்பல் அளவுகளைத் தொடுங்கள். பலரும் செங்கல்லுக்காகச் சிவப்பு அளவைத் திருகிவிட்டு ஒன்றும் நகரவில்லையே என்று விழிக்கிறார்கள். வெயில் பட்ட செங்கல் பெரும்பாலும் ஆரஞ்சில் இருக்கிறது, அதை நகர்த்துங்கள். மரத்துக்குப் பச்சையோடு மஞ்சளையும் சேர்த்து நகர்த்தவேண்டும். நீலத்தை மெல்லக் குறையுங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் வானத்தில் புள்ளிகள் கிளம்பும். குவிமாடத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஒளிவட்டம்போல் நிற்கும். அந்த வட்டம் தெரிகிறதா என்று படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி விளிம்புகளைச் சோதியுங்கள். தெரிந்தால் நீலத்தைப் பாதி அளவுக்குத் திருப்பிக்கொண்டுவாருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு மொத்த கான்ட்ராஸ்ட். முதலிலேயே அதைத் தொடுபவர்கள், நிறவாரியாகப் பிரிக்க வேண்டிய வேலையைக் கோடரியால் செய்கிறார்கள். கடைசியாக, பார்வை போகவேண்டிய இடத்தைச் சற்றே வெளுத்து, ஓரங்களைச் சற்றே இருட்டாக்குங்கள். கூர்மையைக் கூட்டுவது எல்லாவற்றுக்கும் பின்னால். நேராக்கும்போதும் வெட்டும்போதும் கூர்மை மாறிவிடும் என்பதால்.

12. தேர்வும் அச்சும்

அன்றைக்கே தேர்ந்தெடுக்காதீர்கள். அலைந்த அலைச்சல் படத்தின்மேல் பாசத்தை ஏற்றிவைத்திருக்கும். சில நாள் கழித்து, எல்லாவற்றையும் சிறு படங்களாக ஒரே திரையில் பரப்பிப் பாருங்கள். விரல்நுனி அளவிலேயே வெளிரும் கறுப்புமாக வடிவம் தெரிகிறவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சிடுவதானால் முதலில் தபால் அட்டை அளவில் ஒன்று. திரை தானாக ஒளிர்வது. காகிதம் அப்படியில்லை, நிழல்கள் இன்னும் இருண்டு வரும். ஸ்டுடியோவில் வண்ணத் தாளில்தான் அச்சிடுவார்கள் என்பதால் சாம்பலில் லேசான பச்சையோ ஊதாவோ ஏறக்கூடும். அந்தச் சிறு அச்சை வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள். நிறம் ஏறியிருந்தால் கடைக்காரரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். நிழல் அடைத்திருந்தால் கோப்பில் நிழல் பகுதியைச் சற்றுத் தூக்கி இன்னொன்று போடுங்கள். இரண்டும் சரியான பிறகு 12க்கு 18 அங்குலத்துக்குக் கொடுங்கள்.